டேங்க் ஸ்டாப்பில் ஏறிய பெரிய வீட்டுப் பையன்

கம்பெனி பஸ்ஸிலிருந்து லோகேஷ் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு இறங்கினான்.

தண்ணீர் டேங்க்குக்குக் கீழே நின்றுகொண்டிருந்த நாங்கள் அத்தனை பேரும் பேச்சை நிறுத்தினோம். அன்று செவ்வாய்க்கிழமை. சிறுவாபுரி முருகனைப் பார்த்துவிட்டு, புதுவாயலில் ஷேர் ஆட்டோ பிடித்து, மகள் பஸ் இறங்கும் நேரத்துக்கு வந்து நின்றிருந்தேன். கையிலிருந்த விபூதிப் பொட்டலம் வியர்வையில் நசநசத்துப் போயிருந்தது. அதே கம்பெனியில் காலை ஷிப்டில் பெருக்கிவிட்டு வந்த பக்கத்து வீட்டு எஸ்தரும் கீரைக்கட்டோடு நின்றிருந்தாள்.

லோகேஷ் எங்கள் ஊர்ப் பெரிய வீட்டு சந்திரய்யாவின் ஒரே மகன். அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள். காலையில் சந்திரய்யாவே பைக்கில் கொண்டுவந்து விட்டார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நெற்றியில் குங்குமம், கடை வாசனை போகாத புது ஷூ. "லைன்ல சேர்றான்" என்று யாரும் கேட்காமலே எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போனார்.

மாலையிலும் அவரே வந்து காத்திருந்தார். மகனைப் பார்த்தார். சட்டையைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்து, இது தன் பிள்ளைதான் என்று உறுதி செய்துகொண்டார்.

"இன்னாடா இது?"

"யூனிபார்ம்ப்பா."

"அது தெர்யுது. இன்னாத்துக்குப் பச்சையா கீது?"

"பச்சதான் குடுத்தாங்க."

"ஏன்னு கேட்டியா?"

"கேட்டேன். சைஸ் சரியாத்தான கீதுன்னாங்க."

எஸ்தருக்கு வாய் சும்மா இருக்காது. "இன்னா லோகேசு, நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வந்துட்டியா? வா, வா. நாளைக்கு கெமிக்கல் வாளி யார் தூக்கறதுன்னு ஆள் தேடிக்கினு கீறாங்க. நல்ல நேரத்துலதான் வந்துகீற."

கூட்டம் சிரித்தது. லோகேஷும் பாதி சிரித்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்து மீதியை விழுங்கினான். சந்திரய்யா பைக்கை உதைத்தார். அது அன்றைக்கென்று பார்த்து ஸ்டார்ட் ஆகவில்லை. மகனைத் தள்ளச் சொன்னார். பெரிய வீட்டு பைக்கை ஹவுஸ்கீப்பிங் சட்டை தள்ளிக்கொண்டு போவதை எங்கள் தெருவே நின்று பார்த்தது.

பஸ்ஸிலிருந்து கடைசியாக என் மகள் சுகன்யா இறங்கினாள். அவளும் பச்சைச் சட்டைதான். அவள் பச்சையில் இறங்குவதற்காக ஒருநாளும் யாரும் பேச்சை நிறுத்தியதில்லை.

பச்சையும் நீலமும்

இந்தத் தொடரில் இதுவரை கோயில் குளம், கல்யாணம் காட்சி என்று எழுதிக்கொண்டு வந்தேன். உங்கள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் நிறைய ஆயிற்றே, அதைப் பற்றி எழுதக் கூடாதா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எட்டாவது படித்தவளுக்குக் கம்பெனியைப் பற்றி என்ன தெரியும்? எனக்குத் தெரிந்தது அதன் பஸ். பஸ் நிற்கிற இடம். அதிலிருந்து இறங்குகிற சட்டைகளின் நிறம்.

நீலம் என்றால் லைன். மெஷின் முன்னால் நிற்கிறவர்கள். பச்சை என்றால் ஹவுஸ்கீப்பிங், தோட்டம், கேன்டீன் பாத்திரம். நீலச் சட்டைக்காரர்களுக்கு, எப்போது பர்மனென்ட் ஆவோம் என்று ஒரு கவலை எப்போதும் உண்டு. பச்சைக்கு அந்தக் கவலையே கிடையாது. ஆக மாட்டார்கள். காண்ட்ராக்டில் சேர்ந்து காண்ட்ராக்டிலேயே கண்ணை மூடலாம்.

பச்சை நிறத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. முருகனுடைய மயில் அந்த நிறம்தான். பெருக்குவதும் துடைப்பதும் கேவலம் என்றும் நான் நினைக்கவில்லை. வாசல் பெருக்காமல் எனக்குப் பொழுது விடிந்ததில்லை. ஆனால் என் மகள் பாலிடெக்னிக்கில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவள். முதல் வகுப்பு. கேஜ், சென்சார், காலிப்ரேஷன் என்று அவள் வீட்டில் பாடம் படிக்கும்போது எனக்கு மந்திரம் மாதிரிக் கேட்கும். அர்த்தம் தெரியாமலே மனதுக்குள் கும்பிட்டுக்கொள்வேன். சாமியிடமும் அப்படித்தானே?

போன வருஷம் ஆடி மாதம் சேர்ந்தாள். "இப்போதைக்கு இதுல இரு, வேகன்சி வந்ததும் மாத்திக்கலாம்" என்றார்கள். வேகன்சி வந்தது. வந்து, அவள் துடைத்துக்கொண்டிருந்த தரை வழியாகவே உள்ளே போய் உட்கார்ந்தது. அவளோடு ஒரே பெஞ்சில் படித்து, அவளிடம் நோட்டு வாங்கிப் பரீட்சை எழுதிய ஊர்ப் பெண் ஒருத்தி நீலச் சட்டையில் வந்து, "ஹாய் சுகன்யா, ஈரமா கீது, பாத்து நடக்கட்டுமா?" என்று கேட்டாளாம். நல்ல பெண்தான். பார்த்துத்தான் நடந்தாள்.

லோகேஷ் சேர்ந்த சமயம் கம்பெனியில் புதிதாக ஒரு டெஸ்டிங் ரூம் கட்டி முடித்திருந்தார்கள். என் மகள் படித்த மீட்டர்களும் கேஜ்களும் அங்கேதான் இருக்குமாம். அதற்கு ஆள் எடுப்பது அந்த வாரம். "இத்த விட்டா இனிமே இல்லம்மா. நாலு வருசம் ஆளே எடுக்க மாட்டாங்க. அதுக்குள்ள படிச்சதெல்லாம் மறந்துடும்" என்றாள் சுகன்யா. அதனால்தான் நான் செவ்வாய்க்கிழமை தவறாமல் சிறுவாபுரிக்கு ஓடிக்கொண்டிருந்தேன்.

அந்தக் கோயிலுக்கு வருகிற கூட்டமெல்லாம் சொந்த வீடு கேட்டு வருகிற கூட்டம். நான் ஒருத்திதான் சட்டை கேட்டு நின்றேன். சும்மா நல்ல சட்டை என்று பொதுவாகக் கேட்டால், சாமி ஆசையாகத் தன் மயில் நிறத்தையே மறுபடி கொடுத்துவிடுமோ என்ற பயத்தில், "நீலம், அப்பனே, நீலம்" என்று தெளிவாகச் சொன்னேன்.

மரியாதையான கேள்வி

எங்கள் கம்பெனியில் யாரும் சாதி கேட்க மாட்டார்கள். கேட்டில் மூன்று மொழியில் போர்டு இருக்கிறது, இங்கே சாதி, மதம், இனம் பார்ப்பதில்லை என்று. அந்த போர்டை வாரா வாரம் துடைப்பது டேங்க் ஸ்டாப் பெண்கள்.

இன்டர்வியூவில் பழைய மேனேஜர் ஒருவர் இருந்தார். தன்மையான மனிதர். எதிரே வந்து உட்காரும் பிள்ளைக்கு முதலில் தண்ணீர் கொடுப்பார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"எந்த ஸ்டாப்ல பஸ் ஏறுவீங்க?"

எங்கள் ஊருக்கு இரண்டு ஸ்டாப். ஹைவேஸ் ஓரம் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் இருப்பது கோயில் ஸ்டாப். அது ஊர், நிலம் வைத்திருந்தவர்கள் இருக்கும் தெருக்கள். கொஞ்சம் தள்ளித் தண்ணீர் டேங்க் கீழே இருப்பது டேங்க் ஸ்டாப். அது காலனி, அந்த நிலத்தில் நாற்று நட்டவர்கள், அதாவது நாங்கள். கோயில் ஸ்டாப் என்றால் நீலம். டேங்க் ஸ்டாப் என்றால் பச்சை. மார்க்கு, டிப்ளமோ எல்லாம் பிளாஸ்டிக் கவருக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். வெளியே எடுக்க வேண்டிய சிரமம் கூடக் கொடுக்க மாட்டார்.

என் அண்ணன் மகன் கெட்டிக்காரன். "கோயில் ஸ்டாப் சார்" என்று சொல்லிவிட்டான். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "அப்படியா? கோயிலை ஒட்டி யார் வீடு?" என்று கேட்டிருக்கிறார். இவன் யோசித்துப் பார்த்து, "சாமி ஊடு சார்" என்றானாம். அந்தச் சமயோசிதத்துக்காக அவனுக்குத் தோட்டத்தில் வேலை கொடுத்தார்கள்.

ஊர்க்காரர்கள் டீக்கடையில் எங்களைப் பார்த்தால், "உங்களுக்கு இன்னாப்பா, எல்லாம் சலுக" என்பார்கள். தனியார் கம்பெனியில் ஏது இட ஒதுக்கீடு என்று என் கணவர் ஏழுமலை சண்டைக்குப் போவார். நான்தான் அவரை அடக்குவேன். ஒதுக்கீடு இல்லை என்று எப்படிச் சொல்வது? ஹவுஸ்கீப்பிங் முழுவதையும் எங்களுக்கென்றே ஒதுக்கியிருந்தார்களே. வேறு ஒரு ஆள் உள்ளே நுழைய முடியுமா? அவ்வளவு கட்டுக்காவல்.

மைக்கில் சொன்ன வாக்கு

இதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் கல்யாணம் ஆகி வந்த புதிதில் டேங்க்குக்குப் பின்னால் எல்லாம் நெல். அந்த வயலை நினைத்து உருக என்னிடம் ஒன்றுமில்லை. முதுகுவலிதான் ஞாபகம் வருகிறது. தொழிற்பேட்டையைப் பெரிதாக்கப் போகிறார்கள் என்று அதிகாரிகள் ஜீப்பில் வந்து பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். எல்லோருக்கும் பன்னீர் சோடா கொடுத்தார்கள். நிலம் கொடுக்கிறவர்களுக்கு நஷ்டஈடு, வீட்டுக்கு ஒரு வேலை என்று மைக்கில் சொன்னார்கள்.

என் கணவர் எழுந்து நின்றார். "சார், நெலம் இல்லாதவங்களுக்கு?"

"நிலம் இல்லாதவங்களுக்கு என்னப்பா நஷ்டம்?"

கேள்வி நியாயமாகத்தான் பட்டது. என் கணவரே உட்கார்ந்துவிட்டார். சோடாவைக் குடித்து முடித்து, வீட்டுக்கு வந்த பிறகுதான், "நாளைக்கு எங்க போய் நடவு நடறது?" என்று இரண்டு பேருக்கும் தோன்றியது.

நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் நஷ்டஈடு வாங்கி, மாடி கட்டி, பையன்களை லைனில் சேர்த்தார்கள். நிலத்தில் குனிந்து பழகியவர்களுக்கு, அந்தப் பழக்கம் விட்டுப் போகக் கூடாது என்று தரை துடைக்கிற மாப்பு கொடுத்தார்கள்.

பிறகு அரசாங்கத்தில், உள்ளூர் ஆட்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனிகளுக்குச் சலுகை என்று வந்தது. இந்தக் கம்பெனி உடனே எங்களை எல்லாம் எண்ணிக் காட்டியது. அந்த எண்ணிக்கையில் மெஷின் பிடிக்கிறவன் ஒரு தலை, மாப்பு பிடிக்கிறவளும் ஒரு தலை. சமத்துவம் என்றால் இதுவல்லவா? சம்பளம் வாங்கும்போதுதான் தலைக்குத் தலை வித்தியாசப்படும்.

முன்னேற்றமே இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். என் மாமியார் சந்திரய்யாவின் அப்பாவைத் தெருவோரம் ஒதுங்கி நின்று "ஆண்ட" என்று கூப்பிட்டார். நான் சந்திரய்யாவை "ஐயா" என்கிறேன். என் மகள் "அங்கிள்" என்கிறாள். டிவியில் பொருளாதார வளர்ச்சி என்று கோடு போட்டு மேலே மேலே காட்டுகிறார்களே, அது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

மேம்பாலம் செய்த வேலை

லோகேஷுக்குப் பச்சைச் சட்டை எப்படி வந்தது என்று கேட்பீர்கள். மேம்பாலத்தால் வந்தது.

ஹைவேஸில் பாலம் கட்டுவதற்காகக் கோயில் வளைவுப் பக்கம் பள்ளம் தோண்டிவிட்டார்கள். அங்கே பஸ் நிற்க முடியாது. எல்லோரும் டேங்க் ஸ்டாப்பில் ஏற வேண்டும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. ஊர்ப் பிள்ளைகள் எங்கள் தெருமுனைக்கு வந்து நின்றார்கள். ஒரே ஸ்டாப்தான், ஆனாலும் அவர்களுக்கும் எங்கள் பிள்ளைகளுக்கும் நடுவில் ஒரு பஸ் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு நின்றார்கள். டிரைவர் பஸ்ஸைச் சரியாக அந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவார்.

அதே சமயத்தில் பழைய மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். புதிதாகக் கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து ஒரு மேடம் வந்தார். சின்ன வயது. வந்த புதிதில், காண்ட்ராக்ட் சூப்பர்வைசர் கஜாவைக் கூப்பிட்டு, "லோக்கல் ஆளுங்களை எப்படிங்க பிரிச்சு எடுக்கறீங்க?" என்று கேட்டிருக்கிறார்.

கஜா, "ரொம்ப சிம்பிள் மேடம். ஸ்டாப்ப கேட்டா போதும். கோயில் ஸ்டாப்னா லைன். டேங்க் ஸ்டாப்னா ஹவுஸ்கீப்பிங், கார்டன்" என்றார்.

"எதுக்குங்க அப்படி?"

கஜாவுக்கு விளக்கச் சங்கடம். "ஷிப்ட்டு வண்டிக்கு வசதியா இருக்கும் மேடம்."

மேடம் அதை நம்பினார். எவ்வளவு அழகாகத் திட்டம் போட்டு பஸ் விடுகிறார்கள் என்று பாராட்டவும் செய்தாராம்.

புது ஆட்கள் சேருகிற நாளில் கஜா ஊரில் இல்லை. குடும்பத்தோடு திருப்பதிக்கு மொட்டை போடப் போயிருந்தார். மேடம் தனியாக உட்கார்ந்து, எதிரே வந்தவர்களிடம் ஸ்டாப் கேட்டார். வந்த பத்துப் பேரும் "டேங்க் ஸ்டாப்" என்றார்கள். பொய்யில்லையே? அங்கேதான் ஏறினார்கள். பத்துப் பேருக்கும் பச்சைச் சட்டை கொடுத்து அனுப்பினார். பத்தில் ஆறு பேர் ஊர்ப் பிள்ளைகள். முதலில் நின்றவன் லோகேஷ்.

அன்று வீட்டில் என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். சாப்பாடு புரையேறியது. "பெரிய ஊட்டுப் பையன் கையில மாப்பு! சாமி கீதுடி மல்லிகா, நிஜமா கீது!"

சுகன்யா சிரிக்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, உனுக்கு சிரிப்பு வர்ல?" என்றேன்.

"பாவம்மா அவன். மாப்பு பிழியவே தெர்ல. நான்தான் காட்டிக் குடுத்தேன்." தட்டை நகர்த்தி வைத்தாள். "அவனுக்குப் பச்சன்னதும் அது தப்புன்னு ஒரே நாள்ல ஊருக்கே தெரிஞ்சிட்ச்சி. நான் போன ஆடியிலேர்ந்து போட்டுக்கினு கீறேன். ஒருத்தருக்கும் அது தப்பாத் தெர்ல. உனுக்குகூட, முருகன்கிட்ட சொல்லணும்னுதான தோணிச்சு, கம்பெனியாண்ட போய்க் கேக்கணும்னு தோணல?"

என் கணவர் தண்ணீர் குடித்தார். நான் எழுந்து போய் விளக்கைத் தூண்டினேன். அணைந்தெல்லாம் போகவில்லை. நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடி அறையில்

மறுநாள் காலையிலேயே சந்திரய்யா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். அங்கே நடந்ததை நான் பார்க்கவில்லை. சுகன்யா பார்த்தாள். மேடத்தின் கண்ணாடி அறையில் அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். மாப்பு பிடித்திருப்பவள் அறையில் இருந்தால் அறையில் யாரும் இல்லை என்றுதான் பேசுவார்கள். வெளியே போ என்று கூடச் சொல்ல மாட்டார்கள்.

சந்திரய்யா உட்கார்ந்தார். "அம்மா, எம் பையனுக்குக் குடுத்த வேல மாறிப்போச்சி."

"டேங்க் ஸ்டாப்புன்னு தானுங்க சொன்னாரு?"

"அங்க ஏர்றான். ஆனா அந்த ஸ்டாப் கெடையாது."

"அங்க ஏறுனா அந்த ஸ்டாப் தானுங்களே?"

"பாலம் கட்றாங்கம்மா. அதனால ஏர்றான்."

"சரிங்க. பாலம் கட்டறதுக்கும் ஹவுஸ்கீப்பிங் வேலைக்கும் என்னங்க சம்பந்தம்?"

சந்திரய்யா ஏசி-யைப் பார்த்தார். கர்ச்சீப் எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "ஸ்டாப் ஒண்ணுதாம்மா. ஆளு வேற."

"எப்படிங்க வேற?"

"நாங்க ஊரு."

"எல்லாரும் இந்த ஊரு தானுங்க. லோக்கல் ஆளுங்களுக்குத் தானே இந்த வேலையே?"

"அய்ய, அது இல்லம்மா. கஜாவ கேளு, அவன் சொல்லுவான்."

"அவரு திருப்பதியில இருக்கறாருங்க. நீங்களே சொல்லுங்க."

பாவம் சந்திரய்யா. வயல் வரப்பிலும் டீக்கடையிலும் உரக்கச் சொன்ன ஒரு வார்த்தையை, அந்த ஏசி அறையில், ஒரு சின்னப் பெண் முகத்துக்கு நேராகச் சொல்ல வாய் வரவில்லை. ஊரில் அவர் சொல்லாமலே எல்லோருக்கும் புரிகிற விஷயம். புரியாத ஒரு ஆளை அவர் அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறார்.

"நெலம் குடுத்தவங்கம்மா நாங்க" என்றார் கடைசியாக.

"அப்போ டேங்க் ஸ்டாப்புல இருக்கறவங்க?"

"அவுங்க... அந்த நெலத்துல வேல செஞ்சவங்க." சொல்லிவிட்டு அவர் தரையைப் பார்த்தார். தரையில் என் மகளின் கால் இருந்தது. மாப்பு இருந்தது. அவர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆனால் மேடம் அவர் பார்த்த இடத்தைப் பார்த்துவிட்டார்.

மேடம் முகம் மாறியதாம். "அப்போ இது பஸ் ரூட்டு இல்லீங்களா?" என்று மெதுவாகக் கேட்டாராம்.

மேடம் எழுந்து என் மகளிடம் வந்தார். "உன் பேரு என்னம்மா?"

"சுகன்யா மேடம்."

"என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோ மேடம். இன்ஸ்ட்ருமென்டேஷன். பர்ஸ்ட் கிளாஸ்."

"இன்ஸ்ட்ருமென்டேஷனா? டெஸ்டிங் ரூமுக்கு ஆளு கிடைக்கலைன்னு சென்னையில தேடிட்டு இருக்கறோம். ஏம்மா இதை நீ யாருகிட்டயும் சொல்லல?"

"நீங்க இப்பதான மேடம் கேக்கறீங்க" என்றாள் என் மகள்.

வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அவள் குரல் நடுங்கியது. அங்கே நடுங்கவில்லை என்று சத்தியம் செய்தாள். நான் நம்புகிறேன்.

பெரிய மனிதர்கள் கூடிப் பேசியது

மேடம் விஷயத்தை மேலே கொண்டுபோனார். நியாயத்துக்காகப் போனாரா, இது வெளியே தெரிந்தால் கேட் போர்டுக்கு என்ன ஆகும் என்ற பயத்தில் போனாரா என்று எனக்குத் தெரியாது. இரண்டுக்குமாக இருக்கட்டும். மேலே கோட்டுப் போட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று முறை காபி வரவழைத்து, நீண்ட நேரம் பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். படித்துவிட்டு வருகிறவர்களிடம் படிப்பைக் கேட்பது என்ற முடிவு. எவ்வளவு பெரிய மூளைகள்!

டெஸ்டிங் ரூமுக்குப் பரீட்சை வைத்தார்கள். எந்த நிறச் சட்டையும் எழுதலாம் என்றார்கள். எடுத்த நாலு பேரில் சுகன்யா ஒருத்தி. நான் கேட்டது நீலம், அவளுக்குக் கொடுத்தது வெள்ளைக் கோட்டு. நான் சொன்ன நிறத்தைக் காதில் வாங்காமல் முருகன் தன் இஷ்டத்துக்குச் செய்திருக்கிறார். செய்யட்டும். அபிஷேகத்துக்குப் பால் வாங்கிக் கொடுத்தேன்.

லோகேஷ் பி.காம். அவனை ஸ்டோர்ஸில் போட்டார்கள். டேங்க்கடியில் என்னைப் பார்த்து, "அந்த மாப்பு இன்னா கனம் ஆன்ட்டி! இடுப்பு போச்சி" என்றான். நல்ல பிள்ளை. அவன் அப்பா இப்போதெல்லாம் பைக்கை எங்கள் தெருமுனைக்குக் கொண்டுவருவதில்லை.

மற்ற ஐந்து ஊர்ப் பிள்ளைகளுக்கும் அந்த வாரமே பச்சைச் சட்டையை நீலமாக மாற்றிவிட்டார்கள். தவறுதலாக நடந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்தார்களாம். அவர்களோடு சேர்ந்த எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேர். அவர்களிலும் இரண்டு பேர் படித்தவர்கள். அவர்கள் பச்சையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் விஷயத்தில் தவறுதல் எதுவும் நடக்கவில்லை போலிருக்கிறது. சுகன்யாவுக்கும் கோட்டு கம்பெனி கொடுத்தது, சம்பளம் இன்னமும் காண்ட்ராக்ட் கணக்கில்தான் வருகிறது. பக்கத்து நாற்காலியில் அதே கோட்டு, அதே மீட்டர். கையில் வாங்குவது வேறு. "ரிவிஷன் வரும்" என்கிறார்கள். இந்த முறை அவள் என்னை முருகனிடம் சொல்லச் சொல்லவில்லை. தானே மேடத்திடம் போய், எப்போது வரும் என்று கேட்டுவிட்டு வந்தாள். வாரா வாரம் கேட்பாளாம்.

கஜா வந்தார்

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஜா எங்கள் வீட்டுக்கு வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம். கையில் திருப்பதி லட்டு. இத்தனை வருஷத்தில் எங்கள் தெருவுக்குள் அவர் வந்ததே ஆள் பிடிக்கத்தான். லட்டோடு வந்தது அதுதான் முதல் முறை. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். சாமி பிரசாதம், கொண்டு வந்தது யாராக இருந்தால் என்ன?

"நான் ஒரு வாரம் மலைக்குப் போனா இங்க இவ்ளோ பேஜாரு பண்ணி வெச்சிருக்கீங்களே மல்லிகாக்கா" என்றார். குரலில் கோபமில்லை, சோர்வுதான். "சரி, நல்லதுதான். நம்ம பொண்ணு மேல வந்தா நமக்குத்தான பெரும?"

எஸ்தர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "எப்பத்திலேர்ந்து கஜா, அவ நம்ம பொண்ணு ஆச்சு?" என்றாள். கஜா அதைக் காதில் வாங்கவில்லை.

"வந்த விசயம் இன்னான்னா, சுகன்யா இருந்த எடம் காலியா கீதுக்கா. பிளாக்கு முழுக்க நாறிப் போச்சி. நம்ம தெருவுல யார்னா பொண்ணு இருந்தா சொல்லேன். டிகிரி படிச்சிருந்தாலும் பரவால்ல, சேத்துக்கலாம்."

லட்டை விண்டு வாயில் போட்டுக்கொண்டேன். நெய்யும் பச்சைக் கற்பூரமும் மணந்தது. மென்று விழுங்கிவிட்டுக் கேட்டேன்.

"ஊர்ப் பக்கம் கேட்டுப் பாத்தியா கஜா?"

கஜா சிரித்தார். மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு, தூணில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் நல்ல தமாஷ் சொல்லிவிட்டேன் என்று நினைத்துவிட்டார்.

அவர் சிரித்து முடிக்கட்டும் என்று நான் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தேன்.